பேச்சில் தேய்ந்த கண்ணாடி

என் கணவருக்குக் காது கேட்காது. அவருக்கு வேண்டியது மட்டும் கேட்கும் என்பது என் தம்பியின் கட்சி. பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினால் கொஞ்சம் காதில் விழும். மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டால் அதுவும் போச்சு. வாலிபத்தில் தகரம் அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்து, காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கண்ணால்தான் கேட்டார். யார் பேசினாலும் அவர்கள் உதட்டையே பார்ப்பார். புதிதாகச் சந்திக்கிறவர்கள் வாயில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துக்கொள்வார்கள்.

வேலையும் வாயைச் சுற்றித்தான். பல்செட் செய்யும் ஒரு லேபில் இருந்தார். செய்வது வேறு ஆட்கள்; இவர் அவற்றைச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு, பைக்கில் கொண்டுபோய்ப் பல் டாக்டர்களிடம் கொடுத்து, அவர்கள் எடுத்து வைத்திருக்கும் அச்சுகளை வாங்கி வருவார். "இந்த ஊர்ல பாதிப் பேரு என் பையில இருந்துதான் சிரிக்கிறாங்க" என்பார். அதைச் சொல்லும்போது தன் சொந்தப் பற்கள் அத்தனையையும் காட்டுவார். கடைசிவரை அவருக்கு ஒன்றுகூட விழவில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எனக்குக் கடைவாயில் சந்து விழுந்து வெகுகாலமாகிறது.

நான் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள், அன்றும் இன்றும். நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதைப் படித்து, ஒரு வார்த்தை பேசாமல் பிழையைச் சுழிக்கிற வேலை. மாலையில் அவர் வந்து ஏற்றிக்கொள்வார். பின் சீட்டில் உட்கார்ந்ததும், காலையிலிருந்து அடக்கி வைத்த பேச்செல்லாம் தொண்டைக்கு ஏறி வந்துவிடும். காது கேட்காத மனிதரின் முதுகோடு எப்படிப் பேசுவது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம்.

நான் அவருடைய இடது தோளைத் தட்டுவேன். அவர் இடப்பக்கத்துக் கண்ணாடியை உள்பக்கமாகத் திருப்புவார். அதில் என் முகம் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பார்த்துக்கொண்டே வருவார். சொல்லி முடித்ததும் கண்ணாடி மறுபடி ரோட்டுக்குத் திரும்பிவிடும். நான் குரல் எழுப்புவதுகூட இல்லை. வாயை அசைத்தால் போதும். பதில் மட்டும் ஊருக்கே கேட்கும். சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்களுக்கு, இந்த ஆள் யாரும் கேட்காமலே "அதுக்கு நீ என்ன சொன்னே? நல்லா குடுத்தியா?" என்று கத்துவதாகத் தோன்றும். தள்ளி நின்றுகொள்வார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு. அச்சகத்து வம்பைச் சொல்லும்வரை கண்ணாடி ஒழுங்காக இருக்கும். பேச்சு மெல்லத் திரும்பி, அவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்ட விஷயத்துக்கோ, சமையலறைக் குழாய்க்கு வாஷர் வாங்கி வர மறந்த விஷயத்துக்கோ வந்ததும், அந்தக் கண்ணாடி தானாகச் சாய்ந்து வானத்தைப் பார்க்க ஆரம்பிக்கும்.

நான் தோளைத் தட்டுவேன். இன்னும் பலமாகத் தட்டுவேன்.

"கண்ணாடி ஆடுதும்மா" என்பார். "ரோடு சரியில்ல. நான் என்ன பண்றது?"

ரோடு அல்வாவைத் தட்டில் ஊற்றி ஆறவைத்தது போல வழவழவென்று இருக்கும். அவருடைய இடது சுண்டுவிரல் கண்ணாடிக்கு அடியிலிருந்து அவசரமாகக் கைப்பிடிக்குத் திரும்புவதையும் நான் பார்த்திருப்பேன். இறங்கியதும் கேட்டால், "விரலா? எந்த விரல்?" என்று பத்து விரலையும் விரித்துக் காட்டுவார்.

என் தம்பி மெக்கானிக். எங்கள் தெருமுனையில்தான் அவனுடைய பட்டறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் பட்டறை வாசலில் கேரம் போர்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எப்போதும் ஜெயிப்பவர் இவர். ஜெயித்துவிட்டு அடுத்த ஞாயிறுவரை அதையே பேசுவார். "ஒரு ஸ்பேனர் பிடிக்கிற கைக்குக் காய் தள்ளத் தெரியலையே மச்சான்" என்று அவன் முதுகில் தட்டுவார். தம்பி மீசைக்குள் ஏதோ சொல்வான். அவன் மீசை உதட்டை மூடிக்கொண்டிருக்கும்.

"மீசையை எடுத்துட்டுப் பேசுடா. காதுல விழல."

"காதுல எப்பதான் விழுந்துச்சு? மீசை மேல பழி போடுறீங்களே மாமா!" என்று அவன் இரண்டு கையாலும் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்வான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அந்தக் கண்ணாடி உண்மையிலேயே ஆட ஆரம்பித்தது. ரோட்டுக்குத் திருப்பி வைத்தால் ஒரு தெரு போவதற்குள் தலை தொங்கிவிடும். என் முகத்துக்குத் திருப்பினால் என் செருப்பைக் காட்டும். ஆடுகிறது, ஆடுகிறது என்று அவர் சொன்ன பொய்யை அந்தக் கண்ணாடி உட்கார்ந்து கேட்டு உண்மையாக்கிவிட்டது. "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல!" என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் அந்த வாரத்தோடு முடிந்தது. லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தது.

டாக்டர் காதைச் சோதித்து, இன்ன அளவுக்குத்தான் கேட்கிறது என்று எழுதிக் கொடுத்தார். லைசன்ஸ் ஆபீஸில் அதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள். சோதனை எளிமையானதுதான். இவர் முன்னால் ஓட்டிப் போக வேண்டும். ஆய்வாளர் பின்னால் இன்னொரு வண்டியில் வருவார். அவர் சிவப்புக் கொடியைத் தூக்கும்போதெல்லாம் இவர் கண்ணாடியில் பார்த்து உடனே கையைத் தூக்க வேண்டும். கேட்காத காதுக்குக் கண்ணாடிதான் காது என்று அவர்கள் நினைத்தார்கள், நியாயம்தான். ஒரு தடவை கை எழவில்லை என்றாலும் லைசன்ஸ் கிடையாது.

லைசன்ஸ் போனால் லேபில் வேலை போகாது. உள்ளே உட்காரவைத்து அச்சுக்கு மாவு குழைக்கச் சொல்வார்கள். அதுதான் அவருக்குப் பயம். "நாள் முழுக்கச் சுவத்தைப் பாத்துக்கிட்டு மாவு குழைக்கவா? ஒரு வாய் கூட எதிர்ல இருக்காது. அப்புறம் நான் யாரைக் கேக்கிறது?" என்றார். எனக்கு வேறு பயம். அவர் லேபிலிருந்து நேரே வீட்டுக்குப் போவார். நான் பஸ்ஸில் போவேன். வீட்டுக்குப் போனால் அடுப்பும் துணியும் இருக்கும். முகத்துக்கு முகம் பார்த்துப் பேச எங்களுக்கு வாய்த்தது அந்த வண்டியில்தான். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கண்ணாடி வானத்தைப் பார்த்துவிடும்.

மறுநாளே வண்டியைத் தம்பியின் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

தம்பி முதலில் கண்ணாடிக் கம்பி ஹேண்டில் பாரில் சேரும் இடத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். "இங்க கழண்டு போயிருந்தா கம்பியோட சேந்து சுத்தும். நட்டு கல்லு மாதிரி இருக்கு" என்றான். பிறகு கண்ணாடியின் முதுகு மூடியைக் கழற்றினான். உள்ளே கம்பியின் நுனியில் கோலிக்குண்டு அளவில் ஓர் உருண்டை. அது ஒரு குழியில் உட்கார்ந்து, இறுக்கமாகத் திரும்ப வேண்டும். அதுதான் கண்ணாடியின் கழுத்து. தம்பி அந்த உருண்டையை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான்.

"குலுங்கித் தேஞ்சா எல்லாப் பக்கமும் தேயும். இது ஒரே பக்கமா தேஞ்சிருக்கு. உள்ள திருப்பி, வெளிய திருப்பி, உள்ள திருப்பி, வெளிய திருப்பி..." மீசையை விலக்கிக்கொண்டு மாமாவைப் பார்த்துச் சொன்னான்: "இது ரோட்டுல தேஞ்சது இல்ல மாமா. அக்கா பேச்சுல தேஞ்சது."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர், டாக்டர் சொன்னதை ஒப்புக்கொள்ளும் நோயாளி போல. "இரும்பே தாங்கலை."

"ஆடுதுன்னு சொல்லிட்டு விரலால தள்ளுனது யாராம்?" என்றேன்.

"என்ன சொல்றா?" என்று தம்பியிடம் கேட்டார். நான் சொன்னதை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

புதுக் கண்ணாடி மாட்டலாமே என்றேன். "மாட்டலாம். அதையும் திருப்பித் திருப்பி ஒரு மாசத்துல தொங்க விட்டுடுவீங்க" என்றான் தம்பி. பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு துண்டு ரப்பரை வெட்டி, உருண்டையைச் சுற்றி மோதிரம் போல மாட்டி, குழிக்குள் அழுத்தி, பின்னாலிருக்கும் திருகைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினான். கடைசிச் சுற்றை முடுக்குவதற்கு முன், "இப்ப உக்காருங்க மாமா. நீங்க வண்டி ஓட்டற மாதிரியே உக்காருங்க, போட்டோவுக்கு உக்கார மாதிரி வேணாம். ஒரு தடவை வச்சா வச்சதுதான். அப்புறம் தொட்டா ரப்பர் நகந்துடும், மறுபடி தொங்கும்."

அவர் உட்கார்ந்தார். தம்பி பின்னால் போய் நின்றான்.

"என்ன தெரியுது?"

"ஒரு மீசை தெரியுது. அதுக்குப் பின்னாடி யாரோ இருக்கான்."

தம்பி தள்ளி நின்றான். கண்ணாடியை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினான். தெரு முழுக்க, அதன் ஓரத்தில் அவருடைய தோள் நூலளவு, இரண்டும் தெரியும் இடத்தில் நிறுத்தினான். அவர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் உள்ள" என்றார்.

தம்பி கொஞ்சம் உள்ளே தள்ளினான்.

"இன்னும் கொஞ்சம் உள்ள."

தம்பி நிறுத்திவிட்டு முன்னால் வந்து நின்றான். "மாமா, உங்களுக்கு ரோடு வேணுமா, எங்க அக்கா வேணுமா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் யோசிக்கவும் செய்தார். "டெஸ்ட் முடியற வரைக்கும் ரோடு" என்றார்.

கண்ணாடி மறுபடி வெளிப்பக்கம் திரும்பியது, ஸ்க்ரூ டிரைவர் கடைசிச் சுற்றைச் சுற்றியது. நான் கண்ணாடியிலிருந்து வெளியே போனேன்.

அன்று மாலை தோளைத் தட்டினேன். பழக்கம். "அப்புறம்!" என்று கத்தினார். மறுபடி தட்டினேன். "அப்புறம்மா, வீட்டுல!" வீட்டில் இறங்கியதும் சொல்லலாம் என்று எல்லாவற்றையும் வாயிலேயே வைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. "இவ்வளவு நிம்மதியா நான் வண்டி ஓட்டினதே கிடையாது" என்று அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். மறுநாளும் அதைச் சொன்னார். அதற்கடுத்த நாள் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில், ஒரு முச்சந்தியில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தலையை முழுக்கப் பின்னால் திருப்பி, "என்ன, உங்க அச்சகத்துல யாரும் சண்டையே போடறதில்லையா இப்பெல்லாம்?" என்று கேட்டார். முன்னால் போன காய்கறி வண்டி நின்றது அவருக்குத் தெரியாது. நான் அவர் தாடையைப் பிடித்து முன்பக்கம் திருப்பினேன். ஒரு முட்டைக்கோசு மட்டும் உருண்டது. காய்கறிக்காரர் கத்தியது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் கேட்டது.

"டெஸ்ட்ல இப்படித் திரும்பினீங்க, அவ்வளவுதான்" என்றேன் வீட்டில்.

"டெஸ்ட்ல நீ இருக்க மாட்டியே. யாரைத் திரும்பிப் பாக்கப்போறேன்?" என்றார்.

சோதனை நாளன்று தம்பியும் வந்தான். ஆபீஸுக்குப் பின்னால் ஒரு பெரிய திடல். வெள்ளைக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். நானும் தம்பியும் வேலிக்கு வெளியே நின்றோம். ஆய்வாளர் வயதானவர், சட்டைப் பையில் மூன்று பேனா. பேசும்போது வாயை அதிகம் திறக்காமல், உதட்டை இறுக்கிக்கொண்டு பேசினார். இவருக்கு அவர் சொன்னது புரியவேண்டுமே என்று நான் வேலிக்கு மேல் எக்கிப் பார்த்தேன். அவருடைய உதவியாளர் ஒரு ஸ்கூட்டரைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் கொடியோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

இவர் கிளம்பினார். ஸ்கூட்டர் அவருடைய பின் சக்கரத்தை ஒட்டியே போனது. முதல் வளைவில் கொடி எழுந்தது. இவர் கையும் எழுந்தது. நேர் ரோட்டில் கொடி எழுந்தது, கை எழுந்தது. மேடு பள்ளமாக வேண்டுமென்றே போட்டு வைத்திருந்த இடத்தில் வண்டி குதித்தது. தம்பி வேலியைப் பிடித்துக்கொண்டான். கண்ணாடி அசையவில்லை. கொடி எழுந்தது, கை எழுந்தது.

"என் ரப்பர்" என்றான் தம்பி, பிள்ளை பரீட்சையில் பாஸானது போல.

கடைசி வளைவு மட்டும் பாக்கி. அங்கே கொடி எழவில்லை. ஆனால் இவர் வண்டியை மெதுவாக்கினார்; ஓரம் கட்டினார்; திரும்பிப் பார்த்து, திடல் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"மேல் செட்டா சார், கீழ் செட்டா?"

ஸ்கூட்டர் நின்றது. ஆய்வாளர் இறங்கினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானும் தம்பியும் வேலிக்குள் நுழைந்து ஓடினோம்.

நடந்தது இதுதான். அந்த மேடு பள்ளத்தில் குலுங்கியதில் ஆய்வாளர் தன் உதவியாளர் காதருகே, "மெதுவா போய்யா, பல்லு கழண்டு கையில வந்துடும்போல" என்று சொல்லியிருக்கிறார். இவர் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். கண்ணாடிக்குள் ஒரு வாய் அசைந்தால் பதில் சொல்லிப் பழகிய மனிதர். அதுவும் பல் விஷயம்.

"உங்களுக்குக் காது கேக்குது" என்றார் ஆய்வாளர்.

"கேக்கலை சார்."

"நான் இவர் காதுல சொன்னது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்தேன் சார்."

"எங்க பாத்தீங்க? கண்ணாடியில கொடி தெரியும், காதுல சொன்னது தெரியுமா? சலுகைக்காகக் காது கேக்காதுன்னு எழுதி வாங்கிட்டு வர்றவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். இந்த டாக்டர் சர்டிபிகேட் பொய்னா லைசன்ஸ் மட்டும் போகாது, தெரியுமா?"

கேட்காத காதுக்காகப் பயந்துகொண்டு வந்தோம். இப்போது கேட்கிறது என்று சொல்லி லைசன்ஸைப் பறிக்கப் பார்த்தார்கள். நான் நடுவில் புகுந்தேன். கண்ணாடியில் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார், நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம் என்றேன். ஆய்வாளர் என்னையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. காட்டுங்க. அவர் வண்டியில உக்காரட்டும், இஞ்சின் ஓடட்டும். நீங்க பின்னாடி நின்னு சத்தம் வராம ஏதாவது சொல்லுங்க. நான் பக்கத்துலயே நிப்பேன். ஆனா ஒண்ணு, வீட்டுலயே பேசி வச்சுட்டு வந்ததைச் சொல்லக் கூடாது. அவருக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லுங்க."

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தம்பி இஞ்சினை முடுக்கிவிட்டான். நான் பின்னால் போய் நின்றேன். கண்ணாடியில் நான் இல்லை, ரோடு இருந்தது. ரோட்டுக்கென்று வைத்த கண்ணாடி. அவருடைய இடது கை கைப்பிடியிலிருந்து எழுந்து கண்ணாடியை நோக்கிப் போனது.

"தொடாதீங்க மாமா!" என்று தம்பி அலறினான். அவருக்குத்தான் கேட்காதே. கை கண்ணாடிவரை போய் நின்றது. விரல்கள் ஒரு கணம் அங்கேயே இருந்தன. பிறகு, சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பது போல எடுத்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

கண்ணாடி அசையாது என்றால் நான்தான் அசைய வேண்டும். இடப்பக்கம் ஓர் அடி தள்ளி நின்றேன்.

"இன்னும்" என்று கத்தினார். "இன்னும் தள்ளு. ஆங், காது வந்துடுச்சு. குனி. போதும் போதும், தலைமுடிதான் தெரியுது. இப்ப மூக்கு... பாதி வாய்... அப்படியே இரு!"

இடுப்பை ஒடித்து, கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, கடையில் தொங்கவிட்ட சட்டை போல நின்றேன். கண்ணாடிக்குள் சின்னதாக அவருடைய கண்கள் தெரிந்தன. பயந்திருந்தார். நான் அப்படி அவரைப் பார்த்ததில்லை.

என்ன சொல்வது? அதுதான் பிரச்சினை. அவருக்குத் தெரியாதது என்னிடம் என்ன இருக்கிறது? எனக்கு நடந்தது, நடக்காதது, நான் கேள்விப்பட்டது எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடிக்குள் கொட்டியாகிவிட்டது. உருண்டை தேயும் அளவுக்கு. ஆய்வாளர் வாட்சைப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்தேன். அவன் மீசையைப் பார்த்தேன். என் பார்வை போன விதத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. "அக்கா, வேணாம்" என்றான்.

நான் குரலில்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்: "கேரம்ல இவன் வேணும்னேதான் உங்ககிட்ட தோக்கிறான்."

கண்ணாடிக்குள் இருந்த கண்கள் முதலில் அசையவில்லை. பிறகு பெரிதாயின.

"என்னாது?"

இஞ்சினையும் அணைக்காமல், ஸ்டாண்டையும் போடாமல் இறங்கப் பார்த்தார். உதவியாளர் வண்டியைப் பிடித்துக்கொண்டார். "டேய்! விட்டுக்கொடுத்தாடா விளையாடுற? என்கிட்டயா? அப்ப அந்தக் கடைசிச் சிவப்புக் காய்? அது என் அடி இல்லையா?"

"மாமா, அது நிஜமாவே உங்க அடிதான் மாமா" என்று தம்பி வண்டியைச் சுற்றி ஓடினான்.

"மீசையை எடுத்துட்டுச் சொல்லுடா!"

ஆய்வாளர் என்னிடம் குனிந்து, "நீங்க என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, உடனே உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு நின்ற பிறகும் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. உள்ளே எதையோ சரியாக உட்காரவைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டார்.

இவருக்கு அவ்வளவு கோபத்திலும் கடமை மறக்கவில்லை. "சார், அது மேல் செட்டு. பாத்தாலே தெரியுது. எங்க லேப் செட்டு இல்ல. டாக்டர்கிட்ட காட்டி அடியில ஒரு லைனிங் போடச் சொல்லுங்க. ஆடறதை அப்படியே விட்டா தேஞ்சுகிட்டேதான் போகும்" என்று சொல்லிவிட்டுத்தான் திடலை விட்டு வந்தார்.

"உனக்குச் சொல்றதுக்கு வேற விஷயமே கிடைக்கலையாக்கா?" என்று தம்பி வழியெல்லாம் புலம்பினான்.

"கிடைச்சுது. அதையெல்லாம் சொன்னா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாரேன்னு பாத்தேன். இதைச் சொன்னா உன்னைத்தானே விட மாட்டார்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை, உண்மையாக விளையாடு என்று அவனை மிரட்டி உட்காரவைத்தார். தம்பி உண்மையாக விளையாடினான். இவருக்கு ஒரு காய்கூடக் குழிக்குள் போகவில்லை. காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போர்டின் நடுவில் அடுக்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த வாரத்துல இருந்து பழையபடியே ஆடலாம்" என்றார். "எனக்கு நீ விட்டுக்கொடுக்கறது தெரியாத மாதிரி இருந்துக்கறேன்."

டெஸ்ட் முடிந்தால் கண்ணாடியை மறுபடி என் பக்கம் திருப்புவதாகத்தான் பேச்சு. அவர் திருப்பவில்லை. அந்த முட்டைக்கோசை நினைத்து நானும் கேட்கவில்லை. அதற்குப் பதில், திடலில் நின்றதைப் போலவே பின் சீட்டில் இடப்பக்கம் சாய்ந்து, கழுத்தை வளைத்து, கண்ணாடியின் ஓரத்தில் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளப் பழகினேன். அதன் பெரும்பகுதியில் ரோடு, ஓரத்தில் நான். சௌகரியமான ஏற்பாடு என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் எனக்கொரு லாபம் இருந்தது. துண்டு, குழாய், வாஷர் என்று எதைப் பேசினாலும் அவர் கேட்டாக வேண்டும். ஆடுகிறது என்று இனிச் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் திணறினார். பிறகு புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்: "வெயிலு நேரா அடிக்குதும்மா. உன் மூஞ்சி தெரியல." மழைக்காலத்திலும் அப்படித்தான் சொன்னார்.

அவர் போனது வண்டியில் இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிறவர்கள் அந்தக் கண்ணாடியைச் சந்தேகப்பட வேண்டாம். கட்டிலில், காய்ச்சல் கண்டு, தன் எல்லாப் பற்களோடும் போனார்.

வண்டி இப்போது தம்பியிடம் இருக்கிறது. மாலையில் அவன்தான் வந்து என்னை ஏற்றிக்கொள்கிறான். அவன் மாமாவைவிட உயரம். அந்தக் கண்ணாடியில் அவனுக்குத் தன் முழங்கைதான் தெரிந்தது. ஆனாலும் பல நாள் அதைத் தொடாமலே ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் பட்டறையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்துக்கொண்டு, "அக்கா, மாத்திடவா?" என்று கேட்டான்.

"மாத்து. பின்னாடி லாரி வந்தா யாரு பாக்கிறது, உன் முழங்கையா?" என்றேன்.

ரப்பர் இறுகிப்போயிருந்தது. கத்தியால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. புது ரப்பர் போட்டு, தன் உயரத்துக்குத் திருப்பி வைத்தான். அறுத்ததைக் குப்பையில் போடவில்லை. திருகுகள் போட்டு வைக்கும் டப்பாவில் போட்டான். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

தம்பிக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். அவன் முதுகுக்குப் பின்னால் நேராக உட்கார்ந்து, வாயைத் திறந்து பேசினால் போதும். எனக்கு அது தெரியும். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்துவிடுகிறது, கழுத்து வளைந்துவிடுகிறது.

"நேரா உக்காருக்கா. வண்டி ஒரு பக்கமா இழுக்குது."

நேராக உட்காருவேன். அடுத்த வளைவில் மறுபடி சாய்ந்திருப்பேன். புதுக் கோணத்தில் என் முகமும் அதில் இல்லை. ரோடு மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

போன வாரம் சிக்னலில் நின்றபோது, என்ன நினைத்தானோ, தம்பி தன் புது ரப்பரையும் பொருட்படுத்தாமல் கண்ணாடியை உள்பக்கம் திருப்பினான். அதில் நான் தெரிந்தேன். நரைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து.

"சொல்லு. என்ன?"

"உனக்குத்தான் காது கேக்குமே. கண்ணாடி எதுக்கு?"

"கேக்கும். நீ அதையே பாத்துக்கிட்டு வர்றே. என்னால பாக்க முடியல. சும்மா சொல்லு."

நான் அச்சகத்தில் அன்று நடந்ததைச் சொன்னேன். "ம்" என்றான். "அப்புறம்?" என்றான். சிக்னல் விழுந்து வண்டி கிளம்பியது. அச்சகத்து விஷயம் முடிந்தது. அவன் பட்டறையில் மதியம் சாப்பிடாமல் டீயாகக் குடித்துக்கொண்டிருப்பதைப் பற்றியும், அந்த மீசையில் டீ ஒட்டிக்கொண்டே இருப்பதைப் பற்றியும் ஆரம்பித்தேன். நல்ல விஷயங்கள்தான், அக்கா சொல்லாமல் யார் சொல்வது? பாதியில் கண்ணாடி மெல்லச் சாய்ந்தது. என் முகம் நழுவி, மேலே மின்கம்பிகளும் வானமும் தெரிந்தன.

நான் அவன் இடது தோளைத் தட்டினேன்.

"ஆடுதுக்கா" என்றான் தம்பி, முன்னால் பார்த்தபடி. "ரோடு சரியில்ல. நான் என்ன பண்றது?"